வட்டத்துக்குள் ஒரு வகுப்பு: கொழும்பின் தமிழ்மொழி மூல முதலாந் தரமும் சுற்றாடல் பாடமும்

கேள்வி

ஜனவரி 31ஆம் திகதியன்று ஐந்து வயது நிறைந்திருக்கும் பிள்ளை இலங்கையில் முதலாந் தரத்துக்குத் தகுதி பெறுகிறது. அந்த ஆண்டு முழுவதும் அது என்ன படிக்கப்போகிறது என்று கேட்டால் பெற்றோர் எழுத்தையும் கணக்கையும் சொல்வார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கேட்டால் ‘இங்கிலிஷ்’ முதலில் வரும். 1999இல் நாடு முழுவதற்கும் வந்த பாடத்திட்டத்தின் வரிசை வேறு. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று நான்கு பாடங்களை அது வகுக்கிறது. அதில் ஆங்கிலம் இந்த வயதில் செயற்பாட்டோடு சேர்ந்த வாய்மொழிப் பழக்கம் மட்டுமே. பாடநூல் வைத்து முறையாக ஆங்கிலம் படிப்பது மூன்றாந் தரத்தில்தான் தொடங்கும்.

இந்த நான்கில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குத் தனியிடம் உண்டு. மற்றவை தத்தம் எல்லைக்குள் நிற்கும் பாடங்கள். இதுவோ மற்றவற்றைக் கோப்பதற்கென்றே வைக்கப்பட்டது. வீடு, உணவு, நீர், பயணம், பண்டிகை போன்ற ஒரு தொனிப்பொருளைப் பிள்ளை பார்க்கும், தொடும், பேசும்; அந்தப் பேச்சிலிருந்து மொழிப்பாடம் பிறக்கும், எண்ணுவதிலிருந்து கணிதம் பிறக்கும் என்பதே அதன் அடிப்படை. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்பது ஆசிரியருக்கு அது இடும் கட்டளை.

அப்படியானால் கொழும்பின் தமிழ்மொழி மூல வகுப்பொன்றுக்குள் எந்தச் சுற்றாடல் வருகிறது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அவ்வளவுதான். அதற்கு விடை தேடும்போது ஒரு பாடத்தின் நிலை மட்டுமன்றி, ஐந்து வயதுப் பிள்ளையின் அறிவு என்று பாடசாலை எதைக் கணக்கில் எடுக்கிறது என்பதும் தெரியவரும்.

பாடம் வந்த வழி

சுற்றாடலிலிருந்து கற்பித்தல் இந்நாட்டுக்குப் புதியதன்று. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1930களிலேயே, ஹந்தெஸ்ஸ திட்டம் கிராமப் பாடசாலையை அதன் சூழலோடு பொருத்திப் பார்க்க முயன்றது. 1945இல் இலவசக் கல்வியோடு ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியானது. பிள்ளை தன் வீட்டைப் பற்றித் தன் மொழியில் வகுப்பில் பேசுவது எல்லாப் பாடசாலைகளிலும் நடைமுறைச் சாத்தியமானது இதன் பிறகே. 1972 சீர்திருத்தம் ஆரம்பநிலைக்கு ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. சேர்க்கை வயதை ஆறாக உயர்த்தியதும் அதுவே. 1977இன் ஆட்சிமாற்றத்துக்குப் பின்னர் வயது மீண்டும் ஐந்தானது. ஒருங்கிணைப்பு என்ற எண்ணம் மட்டும் தங்கிவிட்டது.

2026க்கு முந்திய வடிவம் 1997இன் சனாதிபதி செயலணியிலிருந்து வந்தது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முதலாந் தரத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. தரம் ஒன்றும் இரண்டும் முதன்மை நிலை ஒன்றாகவும், மூன்றும் நான்கும் இரண்டாகவும், ஐந்து தனித்து மூன்றாகவும் பிரிக்கப்பட்டன. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றில் முதல் நிலையில் விளையாட்டே மேலோங்க வேண்டும். தரம் ஏற ஏற எழுத்து வேலை கூடும். சுற்றாடல் பாடத்தின் 16 தொனிப்பொருள்கள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் சற்று ஆழம் போகும். பிள்ளை எட்ட வேண்டியவை அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளாக எழுதப்பட்டன. காகிதத்தில் நல்ல திட்டம். கெட்டிக்காரத்தனமான திட்டம் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு விளக்கங்கள்

திட்டத்துக்கும் வகுப்புக்கும் இடைவெளி உண்டு என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. காரணம் எது என்பதில்தான் விவாதம். தமிழில் இவ்விவாதத்துக்கு ‘அகவிழி’ போன்ற ஆசிரியர் இதழ்கள் களம் தந்திருக்கின்றன. பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, பாடநூல் கிராமத்தைக் காட்டுகிறது என்பது. வயல், கிணறு, முற்றம், மாட்டுக்கொட்டில். ஏழாம் மாடியில் பிறந்த பிள்ளைக்கு இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். குறையில் உண்மையுண்டு. ஆனால் இதற்கு எளிதாகச் சொல்லப்படும் பரிகாரம், கிராமப் படத்தை எடுத்துவிட்டுத் தொடர்மாடிப் படத்தைப் போடுவது, பிரச்சினையைத் தொடவே இல்லை. கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்பில், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மின்தூக்கியுள்ள தொடர்மாடியும் கிணற்றைப் போலவே அந்நியம். வெள்ளவத்தைக்குள்ளேயே காலி வீதியின் கடற்புற ஒழுங்கையில் உள்ள வீடும் வாய்க்கால் பக்கத்து வீடும் ஒரே சுற்றாடலைச் சேர்ந்தவை அல்ல. எந்தப் படத்தைப் போட்டாலும் அது சில பிள்ளைகளின் வீடாகவும் மற்றவர்களுக்குப் படமாகவுமே இருக்கும்.

இரண்டாவது விளக்கம் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைச் சுட்டுகிறது. அதன் அழுத்தம் கீழே இறங்கி முதலாந் தரத்தையும் எழுத்து வேலையாக்கிவிட்டது என்பது வாதம். இது வலுவானது. மூன்றாந் தரத்திலேயே டியூசன் தொடங்கும் நகரில் ‘விளையாடிக் கற்கிறான்’ என்ற பதில் எந்தத் தாயையும் சமாதானப்படுத்தாது. மேல்தரப் பிள்ளைகளுக்கு முன்பாகவே முதலாந் தரத்தின் பாடசாலை நேரம் முடிந்துவிடுவதால், மிச்ச நேரத்தை எப்படி நிரப்புவது என்ற கவலை வேறு. ஆயினும் பரீட்சை ஒன்றே காரணமென்றால், அதைப் பொருட்படுத்தாத பிள்ளைகள் நிறைந்த சிறிய பாடசாலைகளில் சுற்றாடல் பாடம் செழித்திருக்க வேண்டுமே. அங்கும் அது பெரும்பாலும் நிறந்தீட்டவும் கோடிழுத்துப் பொருத்தவும் உரிய பாடமாகவே இருக்கிறது. எனவே வேறொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரசு வரையும் வட்டம்

முதலாந் தரச் சேர்க்கைக்கான கல்வி அமைச்சின் சுற்றுநிருபத்தைக் கல்வியியல் ஆவணமாக யாரும் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதன்படி அரசாங்கப் பாடசாலையின் இடங்களில் பாதி அண்மையில் வசிப்போர் பிள்ளைகளுக்கு. மீதி பழைய மாணவரின் பிள்ளைகள், ஏற்கெனவே படிப்போரின் சகோதரர், கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகள் முதலியோருக்குப் பங்கிடப்படும். அண்மை எப்படி அளக்கப்படுகிறது என்பதுதான் சுவையானது. வீட்டை மையமாகவும், விண்ணப்பித்த பாடசாலைக்குள்ள தூரத்தை ஆரையாகவும் கொண்டு ஒரு வட்டம் வரையப்படும். அதற்குள் பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்கட்டணப் பட்டியல் எல்லாம் இந்த வட்டத்தின் மையத்தை நிரூபிப்பதற்கே.

ஒரு பிள்ளையின் சுற்றாடலை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் வேறு சந்தர்ப்பம் அதன் வாழ்வில் வருவதில்லை. அயலில் உள்ள பிள்ளைகள் அயலில் உள்ள பாடசாலையில் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற பழைய இலட்சியம் இதற்குப் பின்னால் இருக்கிறது. சுற்றாடல் பாடமும் அதே அனுமானத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கொழும்புத் தமிழரின் குடியிருப்பு வரலாறு இந்த அனுமானத்தோடு ஒத்துப்போகவில்லை. 1983க்குப் பின்னரும் போர்க்காலம் முழுவதும் வடக்குக் கிழக்கிலிருந்து வந்த குடும்பங்கள் பல வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தன. உறுதி இல்லாத வீட்டுக்குப் புள்ளி குறைவு. தமிழ்மொழி மூல வகுப்பு உள்ள பாடசாலை எல்லா ஒழுங்கைக்கும் பக்கத்தில் இருப்பதுமில்லை. பிள்ளை பாடசாலை வானில் ஏறுகிறது. வானில் ஏறியவுடன், வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள நிலப்பரப்பு அதன் பாடப்பொருளிலிருந்து கழன்றுவிடுகிறது. தெருவைக் கடக்கும் பாடம் புத்தகத்தில் உண்டு. தெருவைக் கடக்கும் தேவை பிள்ளைக்கு இல்லை.

ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுவது பல வேளைகளில் பாடசாலைக் கட்டடத்தில் மட்டுமே. பொதுச் சுற்றாடல் இல்லாத இடத்தில், எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும் ஒரே சுற்றாடல் பாடநூல். நூல் வெல்வதற்குப் பரீட்சை அழுத்தத்தைவிட இதுவே ஆழமான காரணம் என்று கருதுகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு பாடசாலை வாயில்கள் இறுகின, பைகள் சோதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்து பாடசாலையையே மூடியது. வெளியே அழைத்துச்செல்வது ஏற்கெனவே அருகிய பழக்கம். இவற்றுக்குப் பின் அது மேலும் தேய்ந்தது.

குடும்பம் என்ற பாடம்

நூல் எப்படிப் பொதுச் சுற்றாடலாக மாறுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது குடும்பத்தைப் பற்றிய பாடம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று படத்தில் நால்வர் நிற்பார்கள். வகுப்பில் யார் இருக்கிறார்கள்? யாழ்ப்பாணப் பின்னணியுள்ள பிள்ளைக்கு அம்மாவின் தாய் அம்மம்மா, அப்பாவின் தந்தை அப்பப்பா. மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு அம்மாயி, அப்பாயி. முஸ்லிம் பிள்ளைக்கு உம்மா, வாப்பா. கொட்டாஞ்சேனையில் வீட்டில் தமிழும் சிங்களமும் கலந்து பேசும் பிள்ளைக்கு ஆச்சி என்றால் சிங்களத்தில் பாட்டி. யாழ்ப்பாணத்தாரில் சிலருக்கும் அவர் ஆச்சிதான். இத்தனை முறைப்பெயர்களும் ஒரு வகுப்பறைக்குள் கிடைப்பது கொழும்பின் தனிச்செல்வம். வேறெந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகள் நால்வகைத் தமிழை ஒரே பாயில் அமர்ந்து கேட்க முடியும்?

திறமையுள்ள ஆசிரியை இதை அரைமணி நேரத்துக்கு ஒரு பாடமாக்கிவிடுவார். உன் வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவாய், உன் வீட்டில் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனால் மொழியும் சுற்றாடலும் ஒரே பேச்சில் வந்துவிடும். எண்ணிப் பட்டியலிட்டால் கணிதமும் சேரும். ஆனால் பயிற்சிக் கொப்பியில் எழுத வேண்டியது ‘பாட்டி’. பிள்ளை அங்கே ஒரு விடயத்தை வேகமாகக் கற்றுக்கொள்கிறது: வீட்டில் அம்மம்மா, பாடசாலையில் பாட்டி. எழுத்துத் தமிழுக்குப் பொதுவடிவம் தேவை. அதை மறுக்க முடியாது. எனினும் பொதுவடிவம் பிள்ளையின் சொல்லுக்குப் பக்கத்தில் வைக்கப்படுவதும் அதை அழித்துவிட்டு எழுதப்படுவதும் வேறு வேறு கல்விகள்.

இதற்கு ஆசிரியைகளைக் குறை சொல்வது எளிது, நியாயமன்று. வகுப்பில் தொகை பெரிது. தேர்ச்சிப் பதிவேடு பிள்ளைவாரியாக நிரப்பப்பட வேண்டும். பெற்றோர் கொப்பியைத்தான் பார்க்கிறார்கள். பேச்சு கொப்பியில் தெரிவதில்லை.

எண்ணும் காசும்

கணிதத்தில் நிலைமை சற்று வேறு. இங்கே பிள்ளை தெருவிலிருந்து கொண்டுவருவது பாடத்திட்டம் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தொடர்மாடிப் பிள்ளைக்கு மின்தூக்கியின் பொத்தான் வரிசை எண்கோடு. காலி வீதியில் நின்ற பிள்ளைக்கு 100, 101 ஆகியவை பஸ்ஸின் பெயர்கள். நூறு எத்தனை பத்துகள் என்பது தெரியாமலே நூறை வாசிக்கும். எண்ணை அளவாகப் புரிந்துகொள்வதும் பெயராக அடையாளம் காண்பதும் வெவ்வேறு திறன்கள். இரண்டாவதை வீட்டிலிருந்து கொண்டுவரும் பிள்ளையை முதலாவதுக்கு அழைத்துச் செல்வதே ஆசிரியரின் வேலை. ஒன்றிலிருந்து ஒழுங்காகத் தொடங்கும் நூல் இந்த முன்னறிவுக்கு இடம் வைப்பதில்லை.

காசு இன்னும் சிக்கல். கடை விளையாட்டு ஆரம்பக் கல்வியின் மிகப் பழைய, மிக நல்ல உத்திகளில் ஒன்று. சிறு குற்றிகளைக் கொடுத்து வாங்கி, மிச்சம் எண்ணி, கூட்டலும் கழித்தலும் தாமாக வரும். ஆனால் 2022இன் பணவீக்கத்துக்குப் பிறகு ஒரு ரூபாய்க் குற்றி கொடுத்து வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கக்கூடியது ஒன்றுமில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தாயின் கையில் காண்பது நூறும் ஐந்நூறும் ஆயிரமும். சில வீடுகளில் அட்டை மட்டும். வகுப்பின் காசு பிள்ளை காணாத காசு. பிள்ளை காணும் காசு வகுப்பின் எண்ணெல்லைக்கு அப்பாற்பட்டது. கடை விளையாட்டு இப்போதும் விளையாட்டாக நன்றாகவே நடக்கிறது. சுற்றாடலிலிருந்து வரும் கணிதம் என்று அதை அழைப்பது மட்டும் பொருந்தவில்லை.

சமயம்: சேர்த்தும் பிரித்தும்

ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தில் ஒருங்கிணையாமல் நிற்பது சமயம். அந்தப் பாடவேளையில் வகுப்பு எழுந்து பிரிகிறது: சைவநெறிக்கு ஓர் அறை, கத்தோலிக்கத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் வேறு, இஸ்லாத்துக்கு வேறு. ஆசிரியர் போதாத பாடசாலையில் ஒரு பிரிவு மரத்தடியில் அல்லது தாழ்வாரத்தில் இருக்கும். ஐந்து வயதில் ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்ற பிரிவைப் பிள்ளை உடலால் உணர்வது இந்த நடமாட்டத்தில்தான்.

கொட்டாஞ்சேனையில் இதற்கு நீண்ட பின்புலம் உண்டு. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலத்தை முன்வைத்து கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இங்கே கலவரம் மூண்டது. கிறிஸ்தவப் பாடசாலைகளுக்குப் பதிலாகத் தத்தம் சமயப் பாடசாலை நிறுவும் இயக்கங்கள் வளர்ந்த காலமும் அதுவே. 1865இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும், 1902இல் அமைந்த விவேகானந்த சபையின் வழிவந்த விவேகானந்தக் கல்லூரியும் இந்த ஒரே பகுதியில் நிற்பது தற்செயல் அல்ல. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகத்தின் பாடசாலையும் இதே உந்துதலின் பிள்ளை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. கத்தோலிக்கப் பாடசாலைகள் சில தனியார் பாடசாலைகளாகவே நின்றன. கையேற்றபோது அரசு விடாமல் வைத்துக்கொண்டது சமயபாடத்தை. அது இன்றும் கட்டாயப் பாடம்.

ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். சமயபாடம் பிரிக்கும் பிள்ளைகளைச் சுற்றாடல் பாடத்தின் பண்டிகைத் தொனிப்பொருள் சேர்க்க முயல்கிறது. கொட்டாஞ்சேனையில் அதற்குப் படமே தேவையில்லை. பொன்னம்பலவாணேசுவரத்தின் கருங்கல் கோபுரமும், புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடமும், கொச்சிக்கடை அந்தோனியாரும், விகாரையும் பள்ளிவாசலும் பிள்ளையின் நடைதூரத்தில் இருக்கின்றன. யூன் 13இல் அந்தோனியார் திருநாளுக்குச் சைவப் பிள்ளையும் போகும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல் தேரைக் காலி வீதியோரம் நின்று எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும். மரியாதை, சகவாழ்வு என்ற அருஞ்சொற்களை ஆறாந் தரத்தில் மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, இந்த வயதில் மூன்று கட்டடங்களை வெளியே நின்று பார்த்து வருவது மேல். நூலில் இவை நான்கு சம அளவுச் சதுரங்களில், நான்கு படங்களாக இருக்கும். சமத்துவம் உண்டு, ஊர் இல்லை.

மற்றைய மொழிகள்

வாய்மொழி ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் அது பாடசாலைக்கு முன்னரே, மொன்டிசூரியில், தொடங்கிவிடுகிறது. மரியா மொன்டிசூரியே 1944இல் இங்கு வந்து பயிற்சியளித்தார். கொட்டாஞ்சேனை பிக்கரிங்ஸ் வீதியில் நல்லாயன் கன்னியர் நடத்தும் பயிற்சி நிலையம் அந்த மரபில் வந்தது. கைகளால் கற்பதை வலியுறுத்திய அந்த அம்மையாரின் பெயர் இன்று இந்நகரின் பெயர்ப்பலகைகள் பலவற்றில் ‘இங்கிலிஷ் மீடியம்’ என்பதற்குப் பக்கத்தில் வெறும் அலங்காரமாக நிற்பது சற்று எரிச்சலூட்டுவது.

சிங்களம் கவலைக்குரியது. தெருவில், வானில், கடையில், கீழ்மாடிக் காவலாளியிடம் பிள்ளை கேட்கும் சிங்களம் அதன் உண்மையான சுற்றாடலின் ஒரு பகுதி. இரண்டாம் தேசிய மொழிக்கு ஆரம்பநிலையில் இடமுண்டு. ஆனால் வகுப்பில் அது முன்பின் கேளாத மொழியாகவே கற்பிக்கப்படுகிறது.

வாயிலைத் தாண்ட

ஜப்பான் 1989இல் ஒரு முடிவெடுத்தது. ஆரம்பப் பாடசாலையின் முதலிரு தரங்களில் விஞ்ஞானத்தையும் சமூகக் கல்வியையும் நீக்கி, ‘செய்காட்சு’ என்ற வாழ்க்கைப் பாடத்தைக் கொண்டுவந்தது. அயலை நடந்து பார்ப்பது, செடி வளர்ப்பது, அக்கம்பக்கத்தாரைச் சந்திப்பது அதன் உள்ளடக்கம். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் அயல் பாடசாலைக்கு நடந்தே போகிறார்கள் என்பதை மறந்து இதைப் பின்பற்ற முடியாது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் முதலிரு வகுப்புகளில் சூழ்நிலையியலுக்குத் தனிநூலே வேண்டாம், மொழியிலும் கணிதத்திலும் கரைத்துவிடுங்கள் என்றது. தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், பிள்ளையைத் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏற்றியது. ஆனால் அட்டைகள் எல்லா ஊருக்கும் ஒன்றே. மூன்றும் மூன்று வகை விடைகள். பாடத்தையே மாற்றுவது, நூலைக் கரைப்பது, நூலை அட்டையாக்குவது. இவற்றுள் முதலாவது மட்டுமே பிள்ளையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகிறது.

கொழும்புக்குப் பொருந்துவது இவற்றுள் எதுவுமில்லை எனலாம். பிள்ளைகளின் வீட்டு வட்டங்கள் சேராத இடத்தில், பாடசாலையைச் சுற்றியுள்ள வட்டத்தையே வகுப்பின் பொதுச் சுற்றாடலாக வரித்துக்கொள்ளலாம். வானில் வரும் பிள்ளைக்கும் நடந்து வரும் பிள்ளைக்கும் அது சமம். ஓர் ஒழுங்கை, ஒரு கடை, ஒரு வழிபாட்டிடம், வாய்க்காலின் ஒரு துண்டு, ரயில் கடக்கும் நேரம்: ஒரு தவணைக்கு இது போதும். இதற்கு எதிராகச் சொல்லப்படும் பாதுகாப்பு, ஆசிரியர் பற்றாக்குறை, அனுமதி ஆகிய மூன்றும் உண்மையான தடைகள். அவற்றுள் அனுமதி மட்டும் சுற்றுநிருபத்தால் தீரக்கூடியது.

2026இல் முதலாந் தரத்திலிருந்து தொடங்கிய புதிய சீர்திருத்தமும் செயற்பாட்டையே முன்னிறுத்துகிறது. 1999உம் அதையே முன்னிறுத்தியது. ஆகவே புதிய சாதனங்களில் எத்தனை செயற்பாடுகள் உள்ளன, படங்கள் நகரத்தனவா கிராமத்தனவா என்று எண்ணுவதால் பயன் குறைவு. நேரசூசியில் வாரத்துக்கு ஒரு பாடவேளையேனும் வாயிலுக்கு வெளியே என்று எழுதப்பட்டிருக்கிறதா, அந்த வேளையில் வகுப்போடு கூடப்போக இரண்டாவது ஆசிரியர் ஒருவருக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதையே வெள்ளவத்தைப் பெற்றோரும் கொட்டாஞ்சேனைப் பெற்றோரும் அதிபரிடம் கேட்க வேண்டும். சேர்க்கைக்காக வீட்டு உறுதியையும் மின்பட்டியலையும் எடுத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.